குப்பை மெஷினுக்குச் சங்கப் பணம் கொடுக்குமுன்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

குவைத் மாமா அனுப்பிய மடலைப் படித்ததில் இருந்து மனசு கேட்கவில்லை, ஷிப்ட் முடிந்து வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்மாய்க் கரையில் குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கும் மெஷின் வைத்துத் தருவதாக ஒரு கம்பெனி ஆள் பஞ்சாயத்தில் வந்து பேசியிருக்கிறார், சங்கம் முன்பணம் கொடுத்தால் ஊரும் சுத்தமாகும், தெருவிளக்குக்குக் கரண்டும் கிடைக்கும் என்று மாமா எழுதியிருந்தார். ஊர் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் இங்கே சிங்கப்பூரில், துவாஸ் பக்கம், அந்த மாதிரி ஆலைகளில் ஒன்பது வருஷமாக பாய்லர் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம் மாமா.

இங்கே இது நன்றாக ஓடுகிறது, உண்மைதான். இடம் இல்லாத நாடு, 1979-லேயே உலு பாண்டானில் முதல் ஆலையைக் கட்டிவிட்டார்கள். எரித்தால் குப்பையின் கன அளவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மிஞ்சும் சாம்பலைக் கப்பலில் ஏற்றி செமாக்காவ் தீவில் கொட்டுகிறார்கள், அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று இப்போதே கவலைப்படுகிறார்கள். அதாவது எரிப்பது முதலில் குப்பையைக் குறைக்கத்தான், கரண்ட் அதோடு சேர்ந்து வருகிற வரும்படி.

லாரிகள் கொட்டுகிற குழியை ஒருமுறை பார்த்தால் புரியும். நம்ம பெருமாள் கோயில் குளத்தை விட ஆழம். மேலே கண்ணாடி அறையில் ஒருவர் உட்கார்ந்து கிரேனை ஓட்டுவார், அதன் இரும்புக் கை கீழே போய் ஒரு பிடி அள்ளி, தூக்கி, அதே குழியிலேயே திரும்பப் போடும். முதல் நாள் பார்த்தபோது எதற்கு இந்த வெட்டி வேலை என்று நினைத்தேன். ஈரக் குப்பையும் காய்ந்த குப்பையும் கலந்தால்தான் உலை ஒரே சீராக எரியுமாம், அதனால் நாள் முழுக்கக் கிளறிக்கொண்டே இருக்கிறார்கள். உலைக்குத் தேவையான காற்றையும் அந்தக் குழியில் இருந்தே இழுக்கிறார்கள், அதனால் நாற்றம் வெளியே வருவதில்லை.

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் சமயத்தில் நாங்கள், எரிகிற சூட்டில் நீராவி எடுக்கும் பாய்லருக்குள் போவோம். குழாய்கள் மேல் சாம்பல் கல் மாதிரி இறுகிப் பிடித்திருக்கும், அதைத் தட்டி எடுத்துவிட்டு ஒவ்வொரு குழாயாகத் தடிமன் அளப்போம். போன ஷட்டவுனில் நல்லா இருந்த குழாய் இந்தத் தடவை தேய்ந்து மெலிந்திருக்கும். பிவிசி பிளாஸ்டிக்கிலும் உப்பு கலந்த சாப்பாட்டிலும் உள்ள குளோரின்தான் இரும்பை அரிக்கிறது. புகையை 850 டிகிரிக்கு மேல் குறைந்தது இரண்டு நொடியாவது வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டையாக்ஸின் என்கிற நஞ்சு முழுசாக அழியாது. அப்புறம் சுண்ணாம்பு, கரித்தூள், துணிப்பை வடிகட்டி எல்லாம் தாண்டித்தான் புகைபோக்கிக்குப் போகும். ஆலையில் ஒரு பெரிய பகுதியே இந்தப் புகையைச் சுத்தம் பண்ணத்தான். முன்பணத்துக்கு வருகிற மெஷினில் இதில் எது இருக்கும் என்று அந்தக் கம்பெனி ஆளிடம் யாராவது கேட்டீர்களா?

கணக்கையும் பாருங்கள். 2021-ல் திறந்த துவாஸ்ஒன் ஆலை ஒரு நாளைக்கு 3,600 டன் எரித்து 120 மெகாவாட் எடுக்கும். நம்ம ஊரில் நாலாயிரம் பேர் என்று வையுங்கள், ஆளுக்கு 300 கிராம் போட்டாலும் 1.2 டன்தான். அந்த ஆலைக்கு அது அரை நிமிஷத் தீனி.

அதிலும் நம்ம குப்பை ஈரம். டெல்லி திமார்பூரில் 1987-லேயே டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஒரு ஆலை கட்டினார்கள், நாளைக்கு 300 டன், 3.75 மெகாவாட். 21 நாள்தான் ஓடியது. வந்த குப்பையில் எரிகிற சத்து போதவில்லை, மண்ணும் ஈரமும்தான் அதிகம். தலைநகரத்துக் குப்பைக்கே அந்த நிலைமை. நம்ம ஊரில் தேங்காய் மட்டை அடுப்புக்குப் போய்விடும், காய்கறித் தோல் மாட்டுக்கு, பந்தி இலையைக்கூட ஆடு இழுத்துக்கொண்டு போகும். தெருவில் மிஞ்சுவது ஷாம்பூ பாக்கெட், கேரி பேக், தெர்மாகோல் தட்டு, குழந்தைகளின் டயப்பர்.

அதைத்தான் சாயங்காலம் கரையில் குவித்துத் தீ வைக்கிறார்கள். போன தை மாதம் வந்திருந்தபோது அம்மா திண்ணையில் உட்கார முடியாமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனதை என்னால் மறக்க முடியவில்லை. இங்கே ஒரு நொடி சூடு குறைந்தாலே ஆட்கள் பதறுவார்கள், அங்கே எந்த வடிகட்டியும் இல்லாமல் அதே பிளாஸ்டிக் புகைந்துகொண்டிருக்கிறது. முதலில் அதை நிறுத்த வேண்டும்.

என் யோசனை இதுதான். சங்கப் பணத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு எடை மெஷின், பிளாஸ்டிக்கை அமுக்கிக் கட்டும் ஒரு பிரஸ். தூய்மைக் காவலர் அக்காமார்களுக்கு நல்ல கையுறையும் பூட்ஸும், கூடவே மாதாமாதம் நம்ம பங்காக ஒரு தொகை. மக்கும் குப்பையை உரக்குழிக்கு விடலாம். விற்க முடியாத பிளாஸ்டிக்கை அரியலூர் பக்கத்து சிமெண்ட் ஆலைகளுக்குச் சூளையில் எரிக்க அனுப்ப முடியுமா என்று பி.டி.ஓ. ஆபீஸில் விசாரிக்கலாம், அந்தச் சூளைகளின் சூடு நம்மால் எந்தக் காலத்திலும் கொண்டுவர முடியாத சூடு. டயப்பருக்கு மட்டும் எனக்கும் வழி தெரியவில்லை, தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் யார் யார்? ஒரு வாரம் தெருவாரியாகக் குப்பையை எடை போட்டு எழுதி வைக்க நாலு பேர் போதும். நான் பதினோராம் தேதியே வந்துவிடுவேன். மாமா, நீங்களும் வந்தால் பஞ்சாயத்தில் சேர்ந்தே போய்ப் பேசலாம், உங்கள் பேச்சுக்குத்தான் அங்கே மரியாதை. அதுவரை முன்பணத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள்.