பாசிக் கணிப்பு: சோதனையில் 0.9, ஏரியில் பூஜ்யம். ஏன்?

கேள்வி
குடிநீர் ஏரி, அதிகபட்ச ஆழம் 9 மீட்டர். 3 வருட வாராந்திர அளவீடுகள் கையில் உள்ளன: வெப்பநிலை, பிஹெச், கரைந்த ஆக்ஸிஜன், ஆர்த்தோபாஸ்பேட் (நீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட்), குளோரோபில்-ஏ (பாசியின் அளவைக் காட்டும் பச்சை நிறமி). ராண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் கணினி மாடல்) ஓட்டினால் ஆர்-ஸ்கொயர் (1 என்றால் கணிப்பு கச்சிதம்) 0.9 வருகிறது. ஆனால் இந்தக் கோடையில் நீலப்பச்சைப் பாசி திரண்டதை ஒரு வாரம் முன்னால் சொல்லாமல் கோட்டை விட்டது. எங்கே தப்பு?

பதில் 1
டேட்டாவைக் குலுக்கிப் போட்டு, மாடல் கற்கும் பயிற்சிக்கு ஒரு பகுதி, சோதனைக்கு ஒரு பகுதி என்று பிரித்திருப்பீர்கள். ஜூன் 8 பயிற்சிக்கும் ஜூன் 15 சோதனைக்கும் போனால், மாடல் பக்கத்து வாரத்தைப் பார்த்துக் காப்பியடிக்கும். முதல் 2 வருடம் பயிற்சி, 3ஆம் வருடம் முழுக்கச் சோதனை என்று வையுங்கள். "அடுத்த வாரமும் இந்த வாரம் மாதிரிதான்" என்கிற மொண்ணைக் கணிப்பையாவது அது தாண்டுகிறதா பாருங்கள்.

அடுத்தது பிஹெச். பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை இழுப்பதால்தான் பிற்பகலில் அது 9-ஐத் தாண்டுகிறது. அதே நாள் பிஹெச்சைக் கொடுத்தால், வந்துவிட்ட பாசியைத்தான் மாடல் சொல்லும். 7 நாள் முந்தைய அளவுகளை மட்டும் கொடுங்கள். ஒரு வாரம் காலை 7 மணி, மறுவாரம் பிற்பகல் 3 மணி என்று சாம்பிள் எடுத்திருந்தால், பிஹெச், ஆக்ஸிஜன் இரண்டையுமே தூக்கிவிடலாம்.

பதில் 2
என்னைக் கேட்டால் ஆர்த்தோபாஸ்பேட்தான் முதல் குற்றவாளி. பெருகும் பாசி அதை உறிஞ்சிவிடுவதால் ரீடிங் அடிமட்டத்துக்குப் போகும். "பாஸ்பேட் குறைந்தால் பாசி கூடும்" என்று மாடல் தலைகீழாகக் கற்றுக்கொள்ளும். வடிகட்டாத நீரில் பெர்சல்பேட் (ஆக்ஸிஜனேற்றும் வேதிப்பொருள்) சேர்த்துச் செரிக்கவைத்து, மொத்த பாஸ்பரஸ் பாருங்கள். வரத்துக் கால்வாயிலும் அளந்து, நீரோட்டத்தால் பெருக்கிச் சுமையாக (ஏரிக்குள் எவ்வளவு பாஸ்பரஸ் வந்து சேர்கிறது என்று) கொடுங்கள். அமெரிக்காவின் ஈரி ஏரிக்கு வரும் பருவக் கணிப்பே மௌமீ ஆறு மார்ச் முதல் ஜூலை வரை கொண்டுவரும் பாஸ்பரஸை வைத்துத்தான்.

9 மீட்டர் ஆழம் என்கிறீர்கள். ஒவ்வொரு மீட்டரிலும் வெப்பநிலை எடுங்கள். மேல்நீரும் அடிநீரும் கலக்காமல் நின்றால் அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்து, சேற்றில் இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் விடுபடும். மேலாக எடுக்கும் சாம்பிளில் இது தெரியவே தெரியாது.

பதில் 3
குளோரோபில் எண்ணையே முதலில் சந்தேகப்படுங்கள். பாட்டில் வெயிலில் கிடந்தால் சிதைந்துவிடும். அன்றே கண்ணாடி இழைத் தாளில் வடிகட்டி, அலுமினியத் தாளில் சுற்றி உறைய வையுங்கள். காற்று ஒதுக்கும் கரையில் மட்டும் எடுத்தாலும் அளவு ஏகத்துக்கு எகிறும்.

ஒரு எச்சரிக்கை: பாசி திரண்ட பிறகு காப்பர் சல்பேட் தூவினால் செல்கள் வெடித்து, உள்ளிருக்கும் மைக்ரோசிஸ்டின் நச்சு நீரில் கரையும். சாதா மணல் வடிகட்டியில் அது நிற்காது.

கேட்டவர்
நேரம் கலந்துதான் இருக்கிறது, வெயில் பாட்டிலும் உண்டு. வருடவாரியாகப் பிரித்ததும் 0.9 காணாமல் போனது. மொண்ணைக் கணிப்புதான் ஜெயிக்கிறது. மொத்த பாஸ்பரஸிலிருந்து தொடங்குகிறேன்.