ப்ராக்ஸிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியும் தடை விழுகிறது: தவறு எங்கே?

சல்லடை (கேள்வி):

வணக்கம். நூற்பட்டியல் ஒன்றைத் தொகுப்பதற்காக, எவரும் கணக்குத் தொடங்காமலேயே பார்க்கக்கூடிய ஒரு தளத்திலிருந்து ஏறத்தாழ 40,000 பக்கங்களின் தரவை எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கான நிரலைப் பைத்தானில், இணையப் பக்கங்களைத் தானாக எடுக்கும் ஸ்கிரேப்பி என்ற கருவி கொண்டு எழுதியிருக்கிறேன். என் சொந்த ஐபி முகவரி முதல் நாளிலேயே தடைபட்டதால், 50 டேட்டா சென்டர் ப்ராக்ஸிகளை (என் கோரிக்கையைத் தம் முகவரியில் அனுப்பும் இடைச் சர்வர்களை) வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு கோரிக்கையும் வெவ்வேறு ப்ராக்ஸி வழியாகச் செல்லுமாறு அமைத்தேன். இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லா ப்ராக்ஸிகளுக்கும் 403 என்ற மறுப்புக் குறியீடு வரத் தொடங்கியது. கேட்பது எந்த நிரல் என்று தளத்துக்குச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியையும் கோரிக்கைக்கு ஒன்றாக மாற்றிப் பார்த்தேன். அதற்குப் பிறகு தடை இன்னும் விரைவாக விழுகிறது. இதைவிடக் குழப்பமானது, சில பக்கங்கள் வெற்றியைக் குறிக்கும் 200 என்ற குறியீட்டுடன் வந்தும், உள்ளே நூலின் தலைப்போ ஆசிரியர் பெயரோ இல்லாமல் வெறுமையாக இருப்பதுதான். வீட்டு இணைப்புகளின் முகவரிகளைத் தரும் ரெசிடென்ஷியல் ப்ராக்ஸிக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். மேலும் பணத்தைக் கொட்டுவதற்கு முன், அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வடம்:

வணக்கம் சல்லடை. புதிய ப்ராக்ஸி வாங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். எந்த மறுப்பு எதற்காக வருகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். 407 வந்தால் அது தளத்தின் மறுப்பே அன்று, உங்கள் ப்ராக்ஸி சர்வர்தான் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. 429 என்பது ‘அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்’ என்ற அறிவிப்பு. 2012-இல் வெளியான ஆர்எஃப்சி 6585 என்ற இணையத் தர ஆவணம் வரையறுத்த இந்தக் குறியீட்டுடன், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதையும் ‘ரீட்ரை-ஆஃப்டர்’ ஹெடரில் (பதிலின் முன்னால் வரும் தகவல் வரியில்) சர்வர் சொல்லக்கூடும். 403 வந்துவிட்டால் கதவையே சாத்திவிட்டார்கள் என்று பொருள். ஆனால் இவை அனைத்தையும்விட ஆபத்தானது 200-உடன் வரும் வெற்றுப் பக்கம். பெரும்பாலும் அது கேப்ட்சா பக்கமாகவோ ஜாவாஸ்கிரிப்ட் சோதனைப் பக்கமாகவோ இருக்கும். நிரலோ அதை வெற்றி என்று எண்ணிக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். மூன்று நாள் சேர்த்த தரவில் பாதி இப்படிப்பட்ட பக்கங்கள்தாம் என்பதை நான் ஒருமுறை மிகத் தாமதமாகக் கண்டேன். அன்று முதல், பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு புலம் காணவில்லையென்றால் ஓட்டம் அங்கேயே நிற்குமாறு எழுதிவிடுகிறேன்.

சுழற்சி முறை உங்களைக் காப்பாற்றாததற்கு மூன்று காரணங்களைக் காண்கிறேன். டேட்டா சென்டர் முகவரிகள் எந்த நிறுவனத்தின் வலையமைப்பைச் சேர்ந்தவை என்பது எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவு. 50 முகவரிகளும் அடுத்தடுத்த சில தொகுதிகளுக்குள் இருந்தால், ஒரே விதியில் அத்தனையையும் தடுத்துவிடலாம். அடுத்தது, பலரும் கவனிக்காத ஒன்று: தளம் நம்மை அடையாளம் காணத் தரும் குக்கிகள் எல்லாவற்றையும் ஸ்கிரேப்பி இயல்பாகவே ஒரே பெட்டியில் வைத்துக்கொள்கிறது. ஆகவே முதல் கோரிக்கைக்குத் தளம் கொடுத்த அமர்வுக் குக்கியை நீங்கள் 50 முகவரிகளிலிருந்தும் திருப்பிக் காட்டியிருப்பீர்கள். ஒரே ஆள் நொடிக்கு நொடி இடம் மாறுவதைப் போல அது தெரிந்திருக்கும். அந்த அமர்வின் நடுவில் யூசர் ஏஜென்ட்டும் மாறிக்கொண்டே இருந்ததால்தான் தடை விரைந்து விழுந்தது.

மூன்றாவது, டிஎல்எஸ் கைகுலுக்கல், அதாவது மறையாக்கப்பட்ட இணைப்பைத் தொடங்கும் முதல் உரையாடல். இணைப்பு தொடங்கும்போது, எந்தெந்த மறையாக்க முறைகளை ஏற்கிறேன் என்பதையும் எந்த நீட்சிகளை ஆதரிக்கிறேன் என்பதையும் உங்கள் நிரல் மறைக்கப்படாத வடிவில் சொல்கிறது. அந்த வரிசையிலிருந்து ஒரு சுருக்கக் குறியை உருவாக்கும் ஜேஏ3 என்ற முறை 2017 முதல் பொதுவெளியில் இருக்கிறது. யூசர் ஏஜென்ட் வரி ‘நான் குரோம்’ என்கிறது, கைகுலுக்கலோ பைத்தான் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளின் சாயலில் இருக்கிறது. இந்த முரண்பாட்டைக் கண்டுபிடிக்க உங்கள் முகவரியைப் பார்க்கவே தேவையில்லை. ப்ராக்ஸி இதை மாற்றுவதும் இல்லை.

சல்லடை:

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி. பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தபோது வெட்கமாக இருந்தது. 403 தொடங்குவதற்கு முன் சுமார் இருபது நிமிடங்கள் 429 மட்டுமே வந்திருக்கிறது, அதனுடன் 120 நொடி பொறுக்கச் சொல்லும் ஹெடரும் வந்திருக்கிறது. தாமத அமைப்பை நான் தொடவே இல்லை.

மெதுநடை:

அப்படியானால் உங்கள் நோய் முகவரியில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. தாமதம் பூஜ்யம், ஒரு தளத்துக்கு ஒரே நேரத்தில் 8 கோரிக்கைகள் என்பவை ஸ்கிரேப்பியில் நெடுங்காலமாக இருந்துவரும் இயல்பு மதிப்புகள். 429 வந்தால் அது பக்கத்தைக் கைவிடாமல் மேலும் 2 முறை முயலும்; ஆனால் சர்வர் சொன்ன 120 நொடியைக் கணக்கில் கொள்ளாது. ‘பொறு’ என்று சொன்னவரிடமே ஒவ்வொரு பக்கத்துக்கும் மீண்டும் மீண்டும் கை நீட்டியிருக்கிறீர்கள், அவர் 403-க்குப் போனதில் வியப்பில்லை. அந்த ஹெடரைப் படித்து முழு வரிசையையும் நிறுத்திவைக்கும் சிறிய மிடில்வேர் (கோரிக்கைக்கும் பதிலுக்கும் இடையில் இயங்கும் இடைநிரல்) ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். ஹெடர் வராத இடங்களில் ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பை இரட்டிப்பாக்கி, அதனுடன் சற்றுத் தற்செயலான கால அளவைச் சேருங்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 3 நொடிக்கு ஒரு பக்கம் என்றால் 40,000 பக்கங்களுக்கு 1,20,000 நொடி, அதாவது 33 மணி 20 நிமிடம். ஒன்றரை நாளில் முடிகிற வேலைக்கு 50 ப்ராக்ஸிகள் எதற்கு என்பதே எனக்கு விளங்கவில்லை. (ப்ராக்ஸி விற்பவர்கள் இந்த வகுத்தலை ஒருபோதும் போட்டுக் காட்டுவதில்லை.) அதற்கும் முன், தளத்தில் சைட்மேப் (அதன் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் கோப்பு) இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடம்பெறலாம் என்பதால், உங்களுக்கு வேண்டிய அனைத்தும் ஒரே கோப்பில் கிடைத்துவிடக்கூடும். தேடல் பக்கங்களையும் பட்டியல் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டுவது அத்துடன் மிச்சமாகிவிடும்.

கல்வெட்டு:

ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி பற்றி ஒரு வார்த்தை. அந்த முகவரிகளுக்குப் பின்னால் உண்மையான மனிதர்களின் கணினிகள் இருக்கின்றன. தம் இணைப்பு வாடகைக்கு விடப்படுவது அவர்களுக்குத் தெரியுமா என்பதை வாங்குபவரால் சரிபார்க்க முடிவதில்லை. 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற சேவை, இலவச விபிஎன் செயலிகள் வழியாகக் கணினிகளுக்குள் நுழைந்து, 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளை உரிமையாளர்களுக்குத் தெரியாமலேயே விற்றுவந்தது. எல்லா நிறுவனங்களும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நூற்பட்டியலுக்காக அந்தச் சந்தைக்குள் காலெடுத்து வைக்க நான் தயங்குவேன்.

வேடமிடுவதையும் கைவிடச் சொல்வேன். யூசர் ஏஜென்ட்டில் நிரலின் பெயரையும் உங்களைத் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சலையும் எழுதுங்கள். நிரல்கள் எங்கே நுழையக்கூடாது என்று தளம் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு 1994 முதல் வழக்கில் இருந்து, 2022-இல் ஆர்எஃப்சி 9309 ஆனது. அதில் விலக்கப்பட்ட பகுதிகளைத் தொடாதீர்கள். தாமதத்தைக் குறிக்கும் ‘க்ரால்-டிலே’ வரி அந்தத் தரத்தில் இடம்பெறவில்லையென்றாலும், தளம் அதை எழுதியிருந்தால் மதிப்பதே முறை.

வடம்:

கல்வெட்டு சொல்வதில் எனக்கு ஒரு சிறு மாறுபாடு உண்டு. அறிமுகமில்லாத எந்த நிரலையும் உள்ளே விடாத தளங்கள் இருக்கின்றன; அங்கே நேர்மையான யூசர் ஏஜென்ட்டுக்கும் 403 தான் பதில். அத்தகைய இடத்தில் தளத்தாருக்கு எழுதிக் கேட்பதைத் தவிர நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எப்படியும் முன்பு விழுந்த தடை நீங்கும்வரை சில நாள் எதுவும் அனுப்பாமல் இருங்கள்.

சல்லடை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ப்ராக்ஸிகளை நிறுத்திவிட்டு ஒரு வாரம் பொறுத்தபின், என் சொந்த முகவரிக்கு இருந்த தடை நீங்கியிருந்தது. சைட்மேப்பும் கிடைத்தது. இப்போது 4 நொடிக்கு ஒரு பக்கம் என்ற வேகத்தில், என் மின்னஞ்சலைத் தாங்கிய யூசர் ஏஜென்ட்டுடன் நிரல் ஓடுகிறது. 11,000 பக்கங்களில் இரண்டே இரண்டு 429 வந்தன, இரண்டு முறையும் நிரல் பொறுத்திருந்து தொடர்ந்தது. ஒரே ஓர் ஐயம்: மாதம் ஒருமுறை புதுப்பிக்க விரும்புகிறேன், ஆனால் சைட்மேப்பில் எல்லாப் பக்கங்களுக்கும் திருத்தப்பட்ட தேதி ஒன்றாகவே இருக்கிறது. மாறிய பக்கங்களை மட்டும் எப்படி அறிவது?

மெதுநடை:

பதில் ஹெடரில் ‘இடேக்’ (பக்கத்தின் பதிப்பைக் காட்டும் குறி) அல்லது ‘லாஸ்ட்-மாடிஃபைட்’ (கடைசியாகத் திருத்திய நேரம்) வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதைச் சேமித்துவைத்து, அடுத்த முறை ‘இஃப்-நன்-மேட்ச்’ அல்லது ‘இஃப்-மாடிஃபைட்-சின்ஸ்’ ஹெடருடன் அனுப்புங்கள். மாறாத பக்கத்துக்கு உள்ளடக்கமே இல்லாமல் 304 மட்டும் வரும். கோரிக்கைகளின் எண்ணிக்கை குறையாது என்பதால் அதே 4 நொடி இடைவெளியை விட்டுவிடாதீர்கள். இரண்டும் வராவிட்டால் முழுப் பக்கத்தையும் எடுத்து, தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆகிய புலங்களை மட்டும் பழையவற்றுடன் ஒப்பிடுங்கள்; பக்கத்தை அப்படியே ஒப்பிட்டால் ஓரத்தில் மாறும் விளம்பரம்கூட மாற்றமாகத் தெரியும்.