செயிண்ட் லூவில் மேகம் கூடினால் பாராகிளைடரில் வேகமாக இறங்குவது எப்படி?

கேள்வி: ரீயூனியன் தீவின் செயிண்ட் லூவில், 800 மீட்டர் உயரத் தளத்திலிருந்து பாராகிளைடரில் பறக்கிறேன். முற்பகலிலேயே மலைச்சரிவில் மேகம் கூடிவிடுகிறது. எப்படி இறங்குவது அண்ணா? இறங்கியதும் கடற்கரையில் பாராகிளைடரை எப்படி மடிப்பது?

பதில்: முதலில் மேகத்தை விட்டுக் கடல் பக்கம் விலகுங்கள் தம்பி. அப்புறம் பிக் இயர்ஸ், அதாவது இறக்கையின் இரு ஓரங்களையும் காதுபோல மடக்கி இறங்குவது. முன்வரிசையான ஏ கயிறுகளில் வெளி ஓரத்தில் உள்ளவற்றை இழுத்து இரு ஓரமும் மடங்கிய பிறகே ஸ்பீட் பாரை (வேகம் கூட்டும் கால் கம்பியை) மிதியுங்கள். காது மடங்கினால் வேகம் குறைந்து ஸ்டாலை (இறக்கை தூக்குவிசை இழக்கும் நிலையை) நெருங்கும், பார் அதை ஈடுகட்டும். பிரேக் வேண்டாம், உடம்பைச் சாய்த்தே திரும்புங்கள். விடும்போது முதலில் பார், பிறகு காது.

பதில்: ஸ்பைரல், அதாவது சுருளாகச் சுழன்று இறங்குவது, நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் இறக்கும், ஆனால் கண் இருண்டு நினைவே தப்பலாம். பயிற்றுநர் இல்லாமல் தொடாதீர்கள்.

பதில்: மணலில் மடிக்காதீர்கள், துணியின் பூச்சை அரைத்துவிடும். புல்லில் விரித்து, செல்களை (இறக்கையின் காற்றறைகளை) குலுக்கி உள்ளே புகுந்த மணலைக் கொட்டுங்கள். இறக்கையின் முன்விளிம்புக்கு வடிவம் தரும் குச்சிகளை வளைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். உப்புநீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள்.