தொட்டி லெட்யூஸ்: நடுக்குருத்து ஓரம் கருகுகிறது, உதவுங்கள்

வணக்கம். பால்கனியில் 8 அங்குலத் தொட்டிகள் மூன்றில், தொட்டிக்கு ஒன்றாக ‘லிட்டில் ஜெம்’ ரக லெட்யூஸ் (சாலட் கீரை) வைத்திருக்கிறேன். விதைத்து 50 நாள் ஆகிறது. வெளி இலைகள் பளபளவென்று நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு வாரமாக, உள்ளே சுருண்டிருக்கும் இளம் இலைகளின் ஓரம் மட்டும் தீய்ந்த காகிதம் போலப் பழுப்பாகிறது. பூச்சி இல்லை, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

கலவை: தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் சரிபாதி. கிழக்குப் பார்த்த இடம், காலை வெயில் 4 மணி நேரம். பகலில் 30 டிகிரி.

கால்சியம் குறைபாடாக இருக்கலாம் என்று முட்டை ஓட்டுத் தூள் போட்டேன். அது மட்க மாதக்கணக்காகும் என்று பிறகுதான் உறைத்தது. நிழல்வலை கட்டினேன். ஒருவேளை என்றிருந்த தண்ணீரை இரண்டு வேளையாக்கினேன். பத்து நாள் முன்பு மீன் அமிலம் (மீனையும் வெல்லத்தையும் நொதிக்க வைத்த திரவ உரம்) கொஞ்சம் தாராளமாக ஊற்றியதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு செடி விறுவிறுவென வளர்ந்தது. கருகலும் அப்போதுதான் தொடங்கியது. பூக்கத் தொடங்கும் அறிகுறி எதுவும் இல்லை: தண்டு நீளவில்லை, இலை கசக்கவும் இல்லை.

இன்னும் உருண்டை கட்டவில்லை. உரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் புதுக்குருத்து சரியாக வருமா, அல்லது இப்போதே அறுத்துவிடுவது நல்லதா?