70 மீட்டரில் அம்பு சிதறல்: புதுப்பிப்பு

30 மீட்டரில் ஒட்டி நிற்கும் அம்புகள் 70-இல் நாலாபக்கமும் சிதறுகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன், ரீகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த) வில்தான். நீங்கள் சொன்னபடி இறகில்லாத அம்பையும் சேர்த்து எய்தேன். நான் வலக்கைக்காரன், அது மற்றவற்றுக்கு இடப்பக்கம் போய்க் குத்தியது. அதாவது, அம்பின் தண்டு அளவுக்கு மீறி விறைப்பு, போதிய அளவு வளையவில்லை. தண்டு இன்னும் வளையட்டும் என்று முனை எடையைக் கூட்டியதும் இடம்-வலம் சிதறல் அடங்கிவிட்டது. அம்பு கனத்ததால் கொஞ்சம் தாழ்ந்தது, சைட்டை (வில்லில் குறிபார்க்கும் கருவியை) கீழே இறக்கிக்கொண்டேன்.

மேல்-கீழ் சிதறலுக்குக் காரணம் வேறு: இழுப்பு நீளம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இப்போது கிளிக்கர் (அம்பு சரியான நீளம் இழுபட்டதும் விழுந்து ஒலிக்கும் சிறு தகடு) ‘டிக்’ என்ற பிறகே நாணை விடுகிறேன். முதுகு தளர்ந்தால் அந்தச் சனியன் விழவே விழாது, இறக்கிவிட்டு மறுபடி இழுக்கவேண்டியதுதான். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டமே 12.2 சென்டிமீட்டர், இழுப்பில் மில்லிமீட்டர் பிசகும் அங்கே தெரிகிறது.

காற்று மட்டும் பாக்கி. பக்கக்காற்றுக்கு சைட்டை நகர்த்துவீர்களா, குறியைத் தள்ளிவைப்பீர்களா?