பொருள்: ஒட்டுவிடல், பசைக்கிழிவு, பற்றுப்பதம் – உலோக-இழை அடுக்குத்தகட்டுக்கான சொற்கள்

வணக்கம்.

மெல்லிய அலுமினியத் தகட்டையும் பிசின் ஊறிய கண்ணாடியிழை விரிப்பையும் மாற்றி மாற்றி அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கினால் கிடைப்பதை 'உலோக-இழை அடுக்குத்தகடு' என்று வைத்துக்கொள்வோம். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் மேலுடலில் உள்ள 'கிளேர்' இந்த வகைதான். அதில் ஒவ்வொரு உலோகத் தகடும் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கும்.

சிக்கல் முறிவின் பெயரில். ஆங்கிலச் சொற்களை அப்படியே பெயர்த்தால் 'ஒட்டல் முறிவு', 'ஒட்டிணைவு முறிவு' என்று வரும். எது எது என்று எழுதியவருக்கே மறந்துபோகும். பிரிந்த இடத்தில் ஒரு முகம் வெறும் உலோகமாகவும் மறு முகம் முழுக்கப் பிசினாகவும் இருந்தால் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது: 'ஒட்டுவிடல்'. இரண்டு முகத்திலும் பிசின் இருந்தால் ஒட்டு நின்றிருக்கிறது, பசைதான் கிழிந்திருக்கிறது: 'பசைக்கிழிவு'. பரப்பைத் தயார் செய்வதன் நோக்கமே முதலாவதை இரண்டாவதாக மாற்றுவது. அந்தத் தயாரிப்புக்கு 'மேற்பூச்சு' சரிவருமா?

—

> அந்தத் தயாரிப்புக்கு 'மேற்பூச்சு' சரிவருமா?

வராது. இங்கே எதையும் பூசுவதில்லை. எண்ணெய்ப்பசை நீக்கி, காரத்தில் கழுவி, அமிலத்தில் அரித்து, பிறகு 10–12% பாஸ்பாரிக் அமிலத்தில் தகட்டை நேர்மின்வாயாக மாட்டி, அறை வெப்பநிலையில் 10 வோல்ட்டில் 20–25 நிமிடம் வைக்கிறார்கள். ஆக்சைடு உலோகத்திலிருந்தே வளர்கிறது. தேனடை போல, சில பத்து நானோமீட்டர் அகலத் துளைகளோடு வளர்கிறது. இதன் பிறகு, பிசினுக்கு முன் மெலிதாகத் தடவும் அடிப்பூச்சு அந்தத் துளைக்குள் இறங்கிக் கெட்டிப்படுவதால்தான் பிடி. பாத்திரம், சன்னல் சட்டங்களுக்குச் செய்வதுபோல் கொதிநீரில் துளைகளை அடைத்துவிட்டால் பாடுபட்டதெல்லாம் வீண்.

பூச்சு என்று எழுதினால் படிப்பவர் கனமாகப் பூசினால் நல்லது என்று நினைப்பார். உண்மை எதிர்மாறு: அடிப்பூச்சே சில மைக்ரானைத் தாண்டிக் கனத்தால் நொறுங்கும் அடுக்காகிவிடும்.

'பற்றுப்பதம்' என்பது என் முன்மொழிவு. பிசின் பற்றுவதற்கான பதம். (கணக்கர்கள் 'பற்று' தங்களுடையது என்று சண்டைக்கு வரமாட்டார்கள் என நம்புவோம்.)

கூடவே 'நீர்ப்படலச் சோதனை': கழுவிய தகட்டில் தண்ணீர் 30 நொடி அறுபடாத படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் போகவில்லை. துளை சரியாக வளர்ந்ததா என்பதை இது சொல்லாது. காய்ந்த பரப்பை வெறுங்கையால் தொட்டாலோ துணியால் துடைத்தாலோ பதம் கெடும்.

—

'பற்றுப்பதம்' எனக்குச் சம்மதம். மணல்வீச்சு, சிலேன் (உலோகத்தையும் பிசினையும் பிணைக்கும் சேர்மம்) கரைசலில் தோய்த்தல் இரண்டும் அதற்குள் அடங்கும்.

'சேத எதிர்ப்பு' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுவதில்தான் உடன்பாடில்லை. அடிபட்டால் சேதம் உண்டாகாமல் தடுப்பது 'சேதத்தடை'. உண்டான பின்னும் சுமை தாங்குவது 'சேதத்தாங்கல்'. ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்றில்லை. உலோகத்தில் களைப்பு விரிசல் (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வருவது) ஓடும்போது, இழைகள் அதன் குறுக்கே பாலம்போல் நின்று சுமையை வாங்குகின்றன. விரிசலின் இருபுறமும் அடுக்கு கொஞ்சம் பிரிந்து கொடுத்தால் இழையின் நீட்சி பரவலாகும். துளியும் பிரியாவிட்டால் நீட்சியெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து இழை அறும். ஆகவே 'அடுக்குப்பிரிவு' என்றே இருக்கட்டும், 'பிரிவுச்சேதம்' வேண்டாம்.

'ஆப்புச் சோதனை'யையும் பட்டியலில் சேர்க்கவும். உலர்ந்த நிலையில் உரித்துப் பார்த்தால் மோசமான பதமும் தேறிவிடும். ஒட்டிய இரு தகடுகளுக்கு நடுவே ஆப்பு செருகி, சூடான ஈரக்காற்றில் வைத்தால் நீர் புகுந்து ஆக்சைடைச் சிதைக்கும், விரிசல் வளரும், குட்டு உடையும்.

கடைசியாக 'ஒட்டுவிடல்' பற்றி ஒரு தயக்கம். கண்ணுக்கு வெறும் உலோகமாகத் தெரியும் முகம், ஆக்சைடுக்குள்ளேயே முறிந்ததாகவும் இருக்கலாம். அப்போது ஒட்டு விடவில்லை, ஆக்சைடுதான் பலவீனம். மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கும்வரை 'உலோகப்பக்க முறிவு' என்று மட்டும் எழுதலாமா?