ஐவிஎஃபில் மூன்று ட்ரான்ஸ்ஃபரும் ஒட்டவில்லை: அடுத்த பணம் பிஜிடி-ஏவுக்கா (எம்ப்ரியோவின் குரோமோசோம் பரிசோதனை), காரணம் தேடவா, டோனர் முட்டைக்கா?

கரோல்பாக்_ரவி
மயூர் விஹாரில் இருக்கும் ஒரு தம்பதியின் கோப்பு இது. அவர்கள் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் போடுகிறேன். மனைவிக்கு 38 வயது, ஏஎம்ஹெச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 0.9, குறைவுதான். இரண்டு முறை முட்டை எடுத்தாயிற்று. முதல் முறை 7 வந்ததில் 5 முதிர்ந்தவை. அடுத்த முறை 5-ல் 3. மொத்தம் தேறியது 3 பிளாஸ்டோசிஸ்ட் (ஐந்தாறு நாள் வளர்ந்த எம்ப்ரியோ). மூன்றையும் ஒவ்வொன்றாக உறைநிலை ட்ரான்ஸ்ஃபர் செய்தும் ஒட்டவில்லை. கணவருக்கு எண்ணிக்கை சரி, விந்தணு டிஎன்ஏ சிதைவு (டிஎஃப்ஐ) மட்டும் 38%. மருத்துவமனை இப்போது இன்னொரு சுழற்சியோடு பிஜிடி-ஏ, ஈஆர்ஏ (எம்ப்ரியோ வைக்கும் நேரத்தைக் கணிக்கக் கர்ப்பப்பைத் திசுவில் செய்யும் பரிசோதனை), இன்ட்ராலிப்பிட் (எதிர்ப்பு சக்தியை அடக்க ஏற்றும் கொழுப்பு டிரிப்) எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாகச் சொல்கிறது. என்னைக் கேட்டால் பிஜிடி-ஏ மட்டும் போதும். குரோமோசோம் கோளாறு உள்ள எம்ப்ரியோவை வைத்துவிட்டு இரண்டு இரண்டு மாதமாக இழக்க இந்த வயதில் நேரம் இல்லை.

லேப்_கோட்
ரவி சார், பரிசோதனை எம்ப்ரியோவைத் திருத்தாது, இருப்பதில் வடிகட்டும், அவ்வளவுதான். வடிகட்ட நாலைந்தாவது இருக்க வேண்டும். இவர்களுக்குச் சுழற்சிக்கு ஒன்று, இரண்டு. அதில் வெளியடுக்கிலிருந்து ஐந்தாறு செல் எடுக்க வேண்டும்; தரம் குறைந்த பிளாஸ்டோசிஸ்ட் என்றால் எடுப்பதே சிரமம். "மொசைக்" (சில செல் சரி, சில செல் கோளாறு) என்று அறிக்கை வந்தால் வைப்பதா, விடுவதா என்று புதுக் குழப்பம் வேறு. 2021-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த சீன ஆய்வில், பிஜிடி-ஏ செய்த குழுவில் குழந்தை பெற்றவர்கள் 77.2%, செய்யாத குழுவில் 81.8%.

கரோல்பாக்_ரவி
அந்த ஆய்வில் இருந்தவர்கள் 20 முதல் 37 வயது வரை, ஆளுக்குக் குறைந்தது மூன்று நல்ல பிளாஸ்டோசிஸ்ட். 38 வயது, 0.9 ஏஎம்ஹெச்சுக்கு அதைக் கொண்டுவந்து பொருத்துவது நியாயமா?

லேப்_கோட்
முழுதாகப் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எம்ப்ரியோ நிறைய இருந்தவர்களுக்கே கூடாத எண்ணிக்கை, குறைவாக இருப்பவர்களுக்குக் கூடும் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது?

கணக்குப்பிள்ளை
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். 38 வயதில் பிளாஸ்டோசிஸ்ட்டில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறோடு இருக்கும். நல்லது என்று தெரிந்த எம்ப்ரியோவே சுமார் 60% தான் ஒட்டும். ஆக, சோதிக்காத ஒன்றுக்கு 30%. மூன்றும் தவறுவதற்கான வாய்ப்பு 0.7 × 0.7 × 0.7, அதாவது சுமார் 34%. எந்தக் குறையும் இல்லாத மூன்று தம்பதியில் ஒருவருக்கு இது நடக்கும்! ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023-ல் சொன்னபடி, எதிர்பார்த்த கூட்டு வாய்ப்பு 60%-ஐத் தாண்டியும் ஒட்டாவிட்டால்தான் "தொடர் தோல்வி". இவர்கள் 66%-ல் (100-லிருந்து அந்த 34 போக), கோட்டை இப்போதுதான் தாண்டியிருக்கிறார்கள். கர்ப்பப்பை மேல் பழி போட்டுப் பேக்கேஜ் விற்க இது போதாது.

ஆர்கேபுரம்_மாமி
கணக்கு சரிதான், ஆனால் அதையே சாக்காக வைத்து ஒன்றும் பார்க்காமல் நாலாவதையும் வைத்தால் அதுவும் தப்பு. நான் தேடுவது இவை: கருக்குழாயில் நீர் கோத்திருக்கிறதா? இருந்தால் எடுக்கவோ கிளிப் போடவோ வேண்டும், அந்த நீர் உள்ளே வடிந்து ஒட்டும் வாய்ப்பைப் பாதியாக்கும். 3டி ஸ்கேனில் அடினோமயோசிஸ் (கர்ப்பப்பை உள்படலம் தசைக்குள் வளர்வது) இருக்கிறதா? ஹிஸ்டெரோஸ்கோப்பியில் (கர்ப்பப்பைக்குள் கேமரா) பாலிப் உண்டா, திசுவில் சிடி138 (நாள்பட்ட அழற்சியின் அடையாளம்) பார்த்தார்களா? பாசிட்டிவ் என்றால் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் இருவேளை, 14 நாள். ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் (ரத்தக் கட்டியைத் தூண்டும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்துத் திரும்பப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது. நம் ஊரில் இன்னொரு தொல்லை: கர்ப்பப்பை டிபி (காசநோய்) பிசிஆர் பாசிட்டிவ் என்ற ஒரே காகிதத்தை வைத்து ஆறு மாத மருந்து ஆரம்பிப்பது. திசு, கல்ச்சர், லேப்ராஸ்கோப்பி எதிலும் ஆதாரம் இல்லாமல் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், மூன்று எஃப்இடியும் (உறைநிலை ட்ரான்ஸ்ஃபர்) மாத்திரைச் சுழற்சியா, அதாவது ஹார்மோன் மாத்திரையால் கர்ப்பப்பையைத் தயார் செய்ததா? புரோஜெஸ்டிரோன் உள்ளே வைக்கும் மாத்திரை மட்டும்தானா? ட்ரான்ஸ்ஃபருக்கு முன்பு ரத்தத்தில் அளந்தார்களா?

கரோல்பாக்_ரவி
மூன்றும் மாத்திரைச் சுழற்சி, உள்ளே வைக்கும் மாத்திரை மட்டும். அளந்த பதிவு ஒன்றுகூட இல்லை மாமி.

ஆர்கேபுரம்_மாமி
பாருங்கள்! ஈஆர்ஏவுக்குப் பணம் கேட்கிறார்கள், ஒரு ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. ட்ரான்ஸ்ஃபருக்கு முந்தைய நாள் புரோஜெஸ்டிரோன் மில்லிக்கு 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் தினம் ஊசி சேர்க்க வேண்டும்: தோலடியில் 25 மி.கி., அல்லது தசையில் எண்ணெய் ஊசி 50 மி.கி. மாதவிடாய் ஒழுங்காக வருகிறவர் என்றால் இயற்கைச் சுழற்சியிலேயே வைக்கலாம். ஈஆர்ஏ கதை 2022-லேயே ஜாமா இதழில் வந்துவிட்டது: நேரம் மாற்றி வைத்தவர்களில் 58.5% பேருக்குக் குழந்தை, மாற்றாதவர்களில் 61.9%.

லேப்_கோட்
லேப் பக்கம்: 12 முட்டையில் 8 தான் முதிர்ந்தவை. கொஞ்சம் குறைவு. ட்ரிக்கர் (முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசி) எது, எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தார்கள்? அடுத்த முறை ஹெச்சிஜியோடு அகோனிஸ்டும் சேர்த்து டூயல் ட்ரிக்கர், 36 மணி. 38% டிஎஃப்ஐயைச் சும்மா விடக்கூடாது. வெரிகோசீல் (விரையில் ரத்தக்குழாய் வீக்கம்) பார்க்கட்டும், விந்து வெளியேற்றும் இடைவெளியை ஒரு நாளாகக் குறைக்கட்டும், சிகரெட் இருந்தால் நிறுத்தட்டும். விந்தணு உருவாக சுமார் 74 நாள், ஆகவே இன்று செய்த மாற்றம் இரண்டரை மாதம் கழித்தே தெரியும்.

கரோல்பாக்_ரவி
அதற்குள் ஏஎம்ஹெச் இன்னும் இறங்கும். வெரிகோசீல் ஆபரேஷன் என்றால் ஆறு மாதம் போச்சு.

ஆர்கேபுரம்_மாமி
அதனால்தான் வரிசை முக்கியம். அவசரம் முட்டைக்குத்தான், கர்ப்பப்பை காத்திருக்கும். முதலில் முட்டையை எடுத்துச் சேர்க்கட்டும், ஒரே மாதவிடாய்ச் சுழற்சிக்குள் இரண்டு முறை எடுக்கும் டியோஸ்டிம் இவர்களுக்குப் பொருந்தும். டிஎஃப்ஐ இறங்கவில்லை என்றால் விரையிலிருந்து நேரடியாக விந்தணு எடுப்பதைப் பற்றி ஆண் மருத்துவரிடம் கேட்கலாம். எம்ப்ரியோ எல்லாம் உறைந்த பிறகு கர்ப்பப்பை வேலை. அடினோமயோசிஸ் இருந்தால் லூப்ரோலைடு (ஹார்மோனை அடக்கும் ஊசி) 3.75 மி.கி., மாதம் ஒன்றாக இரண்டு மூன்று. இதையே முட்டை எடுப்பதற்கு முன்பு போட்டால் மாதங்கள் வீண்.

கரோல்பாக்_ரவி
சேர்த்த பிறகு நாலு பிளாஸ்டோசிஸ்ட் இருந்தால்? அப்போதாவது பிஜிடி-ஏ?

லேப்_கோட்
அப்போது பேசலாம். அதுவும் கருச்சிதைவைக் குறைக்க, எப்போது நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள. குழந்தை எண்ணிக்கை கூடும் என்று விற்றால் ஏற்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை
டோனர் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே? 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான் முட்டை. கொடுப்பவர் 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் 7 முட்டை. ஒருவர் கொடுத்தது ஒரே தம்பதிக்கு, பெறுபவருக்கு 50 வரை அனுமதி. அதாவது அந்தக் கதவு நாளைக்கே மூடாது. சொந்த முட்டைக்கு இன்னும் ஒரு டியோஸ்டிம் என்று எல்லை போட்டுக்கொண்டு போகலாம்.

ஆர்கேபுரம்_மாமி
ரவி, அந்தத் தம்பதியில் யாராவது மத்திய அரசு ஊழியரா? சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) 2011 உத்தரவில் சுழற்சிக்கு 65,000 ரூபாய் வரை, மூன்று சுழற்சிக்கு என்று இருந்தது. முன் அனுமதி வேண்டும், அரசு மருத்துவமனை மகளிர் மருத்துவத் துறையின் பரிந்துரையோடு. பில் கட்டிவிட்டுப் போய் நின்றால் அலைச்சல்தான். இப்போதைய தொகையை அவர்கள் வெல்னஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளட்டும். அதோடு பழைய மருத்துவமனையிலிருந்து ஊசி அளவு, ட்ரிக்கர் நேரம், ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனி எம்ப்ரியாலஜி தாள், எல்லாம் நகல் வாங்கச் சொல்லுங்கள். அவை இல்லாமல் வேறு டாக்டரிடம் போனால் அவரும் பழைய டோஸையே மறுபடி எழுதுவார்.